லேப்காரியின் மூஞ்சியைப் பார்க்காதீர்கள்

ரத்தம் எடுக்கிற தொழிலில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள ஆயுசு போதாது.

முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. டாக்டர் சீட்டில் கிறுக்கியது புரியாது. கதவு திறக்கிறது, ஒரு பெண் எட்டிப் பார்த்து வேறு யாரையோ கூப்பிடுகிறாள். நீங்கள் அவள் மூஞ்சியைப் பார்க்கிறீர்கள். அவள் நம்மைப் பார்த்தாளா, பார்த்துவிட்டு ஏன் குனிந்துகொண்டாள் என்று உங்களுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பெண் நான்தான். உள்ளே எனக்கும் அதே பயம்தான்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தனியார் லேப், அப்புறம் சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் அப்புறம் டவுனுக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எந்த லேப், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வாயை மூடிச் சம்பளம் வாங்கிய தொழில், பழக்கம் விடவில்லை. என் குணம் சிடுசிடுப்பு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையை நீட்டு, ஆட்டாதே, அழாதே, போ. இதற்கு மேல் யாரிடமும் பேச மாட்டேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் குணம்தான் வினை.

அண்ணன் பாலிசி, தம்பி ரத்தம்

தனியார் லேபுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் அடிக்கடி ஆள் கூட்டி வருவார். பெரிய பாலிசி என்றால் கம்பெனி ரத்தத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாது. ஒருநாள் அவர் கூட்டி வந்தவர் நல்ல கட்டுமஸ்தான ஆள். சீட்டில் இருந்த வயசுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பராக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏஜெண்ட் விலாவில் இடித்த பிறகுதான் எழுந்து வந்தார்.

ரிசல்ட் பார்த்து நான் பயந்துபோனேன். சர்க்கரை அவ்வளவு இருந்தது. மறுபடியும் செய்து பார்த்தேன், குறையவில்லை. ரிப்போர்ட் வாங்க வந்த ஏஜெண்ட் என் மூஞ்சியைப் பார்த்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளை உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றேன். அப்புறம்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. பாலிசி அண்ணனுக்கு. அண்ணன் தண்ணி போடுகிறவர், ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து, கல்லைத் தின்றாலும் செரிக்கிற தம்பியை அனுப்பி வைத்திருக்கிறார். தம்பிக்குள் இப்படி ஒன்று இருப்பது தம்பிக்கே தெரியாது. சொன்னால் ஆள்மாறாட்டம் வெளியே வரும், சொல்லாவிட்டால் தம்பி போய்ச் சேருவார்.

கடைசியில் அண்ணனே தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். தம்பிக்கு மறுபடி எடுத்தேன். கையோடு கையாக அண்ணனுக்கும் எடுத்தேன். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. தம்பிக்கு அதே சர்க்கரை. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி என்னிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "குடிக்கிறது அவரு, சீக்கு எனக்கா? பேரை மாத்தி எழுதியிருக்கப் போறீங்க, இன்னொருக்கா நல்லாப் பாருங்க மேடம்."

கொடைரோடு தாண்டாத ஆஸ்பத்திரி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்பது படி வைத்த சாமான். முதலில் மெடிக்கல் ஷாப், அடுத்து தெருமுனை டாக்டர், அப்புறம் டவுன் ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே மதுரை. "மதுரைக்கு எழுதிட்டாங்க" என்று ஒருத்தர் சொன்னால் கேட்கிறவர் தோளில் கையை வைப்பார். அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

சின்னாளபட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கிற ஒருத்தர், காய்ச்சலில் கிடந்த சம்சாரத்தைத் தூக்கி வந்திருந்தார். ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் கிடுகிடுவென்று இறங்கியிருந்தன. பக்கத்து கிளினிக் டாக்டர் மதுரைக்குச் சீட்டு எழுதிவிட்டார். மனுஷன் டாக்டரிடம் ஒன்றும் பேசவில்லை, நேராக என்னிடம் வந்து நின்றார். டாக்டர் எழுதியது என் காகிதத்தைப் பார்த்துத்தானே, அதில் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அவரும் மாற்றி எழுதிவிடுவார் என்பது அவர் கணக்கு. இது என்ன பூ மார்க்கெட் ஏலமா, கூட்டிக் குறைக்க என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. அவர் அப்பா, அண்ணன், சின்னம்மா மூன்று பேரும் மதுரைக்கு எழுதப்பட்டவர்கள். போகும்போது உட்கார்ந்து போனார்கள், மதுரை வழியில் இருக்கிற கொடைரோட்டைத் தாண்டித் திரும்பும்போது வேனில் படுத்துக்கொண்டு வந்தார்கள். கொடைரோட்டைத் தாண்டாமல் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி இருந்தால் சொல்லுங்கள், பூக்காட்டை விற்றாவது பார்க்கிறேன் என்று அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் வழக்கம்போலத்தான் வேலை செய்தது. இப்போதே கிளம்பாவிட்டால் வேன்கூட வேண்டியிருக்காது, எழுந்து போ என்று விரட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்த ஆள் வந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வந்தார், கையில் ஒரு பை மல்லிகைப்பூ. பின்னால் அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். அவர் என்னிடம் காட்டிச் சொன்னார்: "எங்க வீட்டுல கொடைரோட்டைத் தாண்டிப் போயிட்டு உக்காந்துக்கிட்டுத் திரும்பி வந்த மொத ஆளு இவதான் மேடம்."

ஊர் பார்த்த ஒரு டம்ளர் தண்ணீர்

சுகாதார நிலையத்தில் இருந்தபோது ஒரு கிராமத்தில் வாந்தி பேதி. ஒரு பெரியவர் போய்விட்டார். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, கிளையில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட்டிருந்தோம். ஊரே பயந்து கிடந்தது. நோயைப் பார்த்து அல்ல, எங்கள் ஜீப்பைப் பார்த்து. வீட்டு வீட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்க வைத்திருந்தோம். கவர்மெண்டு தண்ணியில் என்னத்தையோ கலக்குகிறது, குடித்தால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சு. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வயற்காட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். சீக்கு வந்ததே அந்தக் கிணற்றில் இருந்துதான்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் மைக் பிடித்துத் தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. கடைசியில் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, லேப் மேடமே குடிக்கிறார்கள் பாருங்கள் என்று என் கையில் கொடுத்தார். ஊர் மொத்தமும் வட்டமாகக் கூடிவிட்டது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் பயத்தில் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறார். வாயில் வைத்ததும் மூக்கு வரை எரிந்தது. குடித்துவிட்டேன். ஆனால் மூஞ்சி கோணிவிட்டது. பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அதே காட்டுக் கிணற்றைப் பார்த்து நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் இன்னும் சிலரை ஜீப்பில் ஏற்ற வேண்டி வந்தது. அதில் ஒன்று பால்குடிக் குழந்தை. அது பிழைத்துவிட்டது என்று தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றுக்குக் காவல் போட்டுவிட்டுத் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் ரெண்டு நாளா மைக்குல கத்துனேன் மேடம், நீங்க செத்த நேரம் மூஞ்சிய சுளிச்சு அம்புட்டையும் கெடுத்துட்டீங்க."

பல்வலி வரிசை

இரண்டாயிரத்துக்குப் பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கிற அறை. ஒரு மூலையில் நான், தடுப்புக்கு அந்தப் பக்கம் கவுன்சலர் ராமலிங்கம். நல்ல மனுஷர், என்னைவிட இளையவர். சட்டம் இதுதான்: ரத்தத்தைப் பார்ப்பது நான், முடிவைச் சொல்வது அவர் மட்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த வாசலில் வரிசை என்று ஒன்று நிற்கவே நிற்காது. அங்கே நிற்பதைப் பக்கத்துத் தெருக்காரன் பார்த்துவிட்டால் ஊரில் இருக்க முடியாது. பக்கத்து அறை பல் டாக்டருடையது. அதனால் எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் அங்கே போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் சட்டென்று எங்கள் கதவுக்குள் நுழைந்துவிடுவார்கள். சிலர் பதற்றத்தில் பல் டாக்டர் நாற்காலி வரைக்கும் போய் வாயைத் திறந்து காட்டியதும் உண்டு. ஒருநாள் டாக்டர் எங்கள் அறைக்கே வந்து கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குப் பயந்து இன்னிக்கு ஒருத்தன் நல்ல பல்லைப் பிடுங்கச் சம்மதிச்சிட்டான்ம்மா."

அய்யலூர்க்காரி

பெயர் சொல்ல மாட்டேன். அய்யலூர்க்காரி என்றே வைத்துக்கொள்வோம். சின்ன வயசு, முதல் பிரசவம், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கணவர் ஆட்டுச் சந்தையில் கிடா வாங்கி வேனில் ஏற்றிக் கேரளா கொண்டுபோகிறவர். மாசமாக இருக்கிற எல்லாருக்கும் அந்தச் சோதனை செய்வது வழக்கம், அப்படித்தான் அவளும் வந்தாள். சோதனை அட்டையில் ஒரு புள்ளி வந்தால் கிருமி இல்லை, இரண்டு புள்ளி வந்தால் இருக்கிறது. எத்தனையோ பேருக்கு ஒற்றைப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண். அவள் அட்டையில் இரண்டாவது புள்ளி மெல்ல எழும்பி வந்தது. வேறு கம்பெனி அட்டைகளிலும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே.

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் கையை ஆட்டியதற்காக அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். இப்போது என்ன தோன்றியதோ, சாப்பிட்டாயாம்மா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து நேராகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். ராமலிங்கம் நாற்காலியைக் காட்டுவதற்குள் கேட்டிருக்கிறாள்: "எனக்கு இருக்குல்ல சார்? அந்தக்கா தண்ணி வேணுமான்னு கேக்குறாங்க."

அவர் அவளுக்கு வெகுநேரம் எடுத்துச் சொன்னார். பிரசவ வலி வரும்போது ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து. குழந்தை தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நிச்சயமாகத் தெரிய ஒன்றரை வயசு ஆகவேண்டும். அவள் அழவில்லை. போகும்போது என் மேஜைக்கு அருகில் நின்று, என் பிள்ளைக்கும் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் அக்கா என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் போன பிறகு ராமலிங்கம் என்னிடம் வந்தார். அவரைக் கோபமாகப் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஊரே பூட்டு செய்யிற ஊருல இருக்கீங்க. உங்க மூஞ்சிக்கு ஒண்ணு வாங்கிப் போடக் கூடாதாக்கா?"

பெஞ்சுக்கு இந்தப் பக்கம்

பூட்டுப் போடப் பழகினேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பும் இல்லாமல் சிடுசிடுப்பும் இல்லாமல் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, சம்பளம் போடவில்லையா என்று கேட்டார்.

இதற்கிடையில் எனக்கே ஒருநாள் வந்தது. ரத்தம் எடுக்கும்போது ஒருவர் கையை உதறினார், அவரைக் குத்திய ஊசி என் விரலில் ஏறிவிட்டது. அவருக்கு இரண்டு புள்ளி. தடுப்பு மாத்திரை போட்டேன். அந்த மாத்திரை தின்றால் சோறு பிடிக்காது, தூக்கம் வராது. வீட்டில் பிள்ளைகளின் தட்டைத் தொடக்கூடப் பயந்தேன். தொட்டால் ஒட்டாது என்று ராமலிங்கம் தினம் பத்துப் பேருக்குச் சொல்வதைக் கேட்கிறவள்தான் நான். பயத்துக்குப் படிப்பு தெரியாது.

கெடு முடிந்து ரத்தம் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பார்த்தது இன்னொரு லேப் பெண் கலா. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் என்னைப் பார்த்தாள். அக்கா, தண்ணீர் வேண்டுமா என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. வீடு, பிள்ளைகள், அம்மா எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். கலா பயந்துபோய் என் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். "கரண்டு இல்லாம வேர்த்து ஊத்துதேன்னு கேட்டேன்க்கா. உங்களுக்கு ஒண்ணுமில்ல, போயி வேலையப் பாருங்க."

ஒற்றைப் பொட்டு

அய்யலூர்க்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி வந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டாள், குழந்தைக்கும் நேரத்தோடு சொட்டு மருந்து போட்டார்கள். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை. கணவர், மாமியார் எல்லாரும் சந்தையில் இருப்பார்கள், இவள் பிள்ளைக்கு ஊசி போடுவதாகச் சொல்லிவிட்டு திண்டுக்கல் பஸ் ஏறுவாள். கணவருக்கும் கிருமி இருந்தது. அவர் மாத்திரைக்கு வருவார், பேச மாட்டார். மாமியாருக்கு எதுவும் தெரியாது.

ராமலிங்கத்தைப் பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, துடைக்கத் தெரியாதா, இந்த வெயிலில் எதற்குத் தொப்பி என்று ஏதாவது வைவேன். சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள். ஒருநாள், அது எப்படியக்கா தெரியும் என்று கேட்டாள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளிக் கதையைச் சொன்னேன். அடுத்த தடவையிலிருந்து குழந்தைக்கு நெற்றியில் பொட்டு இல்லை, உள்ளங்காலில் இல்லை. கன்னத்தில் மட்டும் ஒரே ஒரு மைப்பொட்டு. திருஷ்டிக்கு இன்னொன்று வைத்தால் என்ன என்று வைதேன். "ஒண்ணு போதும்க்கா. ரெண்டு வேணவே வேணாம்."

சுவர் மாதிரி

ஒன்றரை வயசு முடிந்த வியாழக்கிழமை வந்தாள். குழந்தை நன்றாக நடந்தது. எனக்கு முதல் நாளே காய்ச்சல் மாதிரி இருந்தது. அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து எடுத்தேன். ரத்தத்தைச் சொட்டிவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி வந்தது. இரண்டாவது இடத்தைக் கண் எடுக்காமல் பார்த்தேன். நேரம் முடிந்தும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அட்டையை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ராமலிங்கம் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். நான் சொல்லக் கூடாது. முகத்தைக் கழுவினேன், பூட்டை மாட்டினேன், வெளியே வந்தேன். கவுன்சலர் மத்தியானம் வருவார், உட்காருங்கம்மா என்றேன். அவளை நான் ஒருநாளும் வாங்க போங்க என்று பேசியதில்லை. குழந்தை தாகத்தில் சிணுங்கியது. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாங்க்கா என்றாள், குரலே இல்லாமல். இன்னும் நாலைந்து பேருடைய ரத்தம் காத்திருந்தது, உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் அவள் இல்லை. அவளுடைய மஞ்சள் பை மட்டும் இருந்தது. உள்ளே பால் பாட்டில், குழந்தையின் மாற்றுத் துணி. வீட்டுக்குப் போகிறவள் இதை விட்டுவிட்டுப் போக மாட்டாள் என்று தோன்றியதும்தான் நான் என்ன கேட்டுத் தொலைத்தேன் என்பது மண்டையில் இறங்கியது. பல் டாக்டர் வாசலில் நின்ற ஆயாவிடம் கேட்டேன். "பிள்ளைய நெஞ்சோட சேத்து இறுக்கிக்கிட்டுப் போச்சும்மா. அழுகக்கூட இல்ல."

ஒரு விரல்

லேபைக் கலாவிடம் விட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டு என்றேன். அங்கே அவள் இல்லையென்றால் வேறு எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. வழியெல்லாம் ஜெபம் சொன்னேன், பாதியில் வார்த்தை மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அய்யலூர் வழியாகப் போகிற திருச்சி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள். மடியில் குழந்தை தூங்கிவிட்டது. பஸ்ஸோடு ஓடித் தகரத்தில் படபடவென்று தட்டினேன். திரும்பினாள். எதுவுமே இல்லாத கண். அவளைச் சுற்றிலும் அய்யலூர்ப் பக்கத்து ஆட்கள், சந்தைக்குக் கயிறும் கூடையுமாகப் போகிறவர்கள். என்னவென்று கத்திச் சொல்வேன்? ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது, ஒரு டிக்கெட்டா, ஓடி வந்து ஏறும்மா என்று விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். நான் ஜன்னலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் கன்னத்துப் பொட்டைத் தொட்டேன். மறுபடி ஒற்றை விரலைக் காட்டினேன்.

அவள் என் விரலையே பார்த்தாள். தன் விரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். எழுந்து ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கி வந்து, பழக்கடைப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்து அழ ஆரம்பித்தது. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் நான் பக்கத்தில் நின்றேன், நானும் அழுதுகொண்டுதான் நின்றேன். எந்த ஸ்டாப்பில் இறங்குவதாக இருந்தாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு அவளேதான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன்க்கா, ஒரு வார்த்தை வஞ்சிருந்தீங்கன்னா நான் பாட்டுக்கு அங்கேயே உக்காந்திருப்பேனே."

ஆகவே, பஞ்சை அமுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சக பயந்தாங்கொள்ளிகளே, லேப்காரி உங்களை வைதால் கோபப்படாமல் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள், அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் மட்டும், முதலில் ஃபேன் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.